மூன்று பகலில் எண்ணி முடிக்கிற காடா? மலையகக் கல்குவாரிகளும் உயிரினக் கணக்கெடுப்பும்

சில வருடங்களுக்கு முன், மலையகத் தோட்டமொன்றில் இயங்கிவந்த கல்குவாரியைப் பெரிதாக்குவதற்கென்று தயாரித்த சுற்றாடல் அறிக்கை ஒன்று வாசிக்கக் கிடைத்தது. தடித்த அறிக்கை. பாறையின் தன்மை, வெடிமருந்தின் அளவு, லொறி போகும் பாதை எல்லாம் விரிவாக இருந்தன. உயிரினங்களுக்கு நான்கு பக்கம். காகம், மைனா, கொண்டைக்குருவி, அணில், சாரைப்பாம்பு என்று ஒரு பட்டியலைப் போட்டு, அழியும் ஆபத்தில் உள்ள இனம் எதுவும் காணப்படவில்லை என்று முடித்திருந்தார்கள். களத்தில் இருந்தது மூன்று பகல். மாதம் பெப்ரவரி.

அந்தக் குவாரிக்குக் கீழ், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருந்து முப்பது வருடமாகக் கொழுந்து பறிக்கிற அக்கா ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியம்தான். “பகல்ல வந்து பாத்தா என்னா தம்பி தெரியும்? மழ விட்ட ராத்திரி ஆத்தோரம் வந்து நில்லுங்க. டிக் டிக்குனு காது அடைக்கும்” என்றார். புலி வருமா என்று கேட்டேன். “போன மாசங்கூட ஏழாம் நம்பர் மலையில நாயத் தூக்கிருச்சே” என்றார். தோட்டத்தில் மலை என்றால் நம்பர் போட்ட தேயிலைக் காணி. புலி என்றால் சிறுத்தை. வரிப்புலி இலங்கையில் கிடையாது.

அறிக்கை எழுதியவர்கள் பொய் எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. கண்ணில் படவில்லை, படவில்லை என்று எழுதினார்கள். ஆனால் அந்த வரி ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகப் போக, ‘காணப்படவில்லை’ என்பது ‘இல்லை’ என்றாகிவிடுகிறது. கடைசியில் அனுமதி அந்த ‘இல்லை’யை நம்பித்தான் கொடுக்கப்படுகிறது. ஒரு கணக்கெடுப்பை எந்தப் பருவத்தில், எத்தனை இரவு, எவ்வளவு தூரத்துக்கு, யாரிடம் கேட்டு நடத்தினார்கள் என்று தெரியாமல் அதன் முடிவை ஏற்க முடியாது. மலையகத்தில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை நிலத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

இங்கே தோண்டுவது பெரும்பாலும் இரண்டு பொருளுக்காக. ஒன்று கருங்கல். மத்திய மலைநாட்டின் அடிப்பாறை மிகப் பழைய உருமாறிய பாறை; நைஸ், சார்னொக்கைட், குவார்ட்சைட், இடையிடையே பளிங்கு. ரோட்டுக்கும் வீட்டுக்கும் வேண்டிய சல்லிக்கல் இதை வெடிவைத்து உடைத்துத்தான் வருகிறது. மற்றது மாணிக்கக்கல். ஆற்றுப் படுகைக்கும் பள்ளத்தாக்குக்கும் அடியில் ‘இல்லம்’ என்கிற சரளைப் படை இருக்கும். அதைத் தோண்டியெடுத்து, தண்ணீரில் அரித்துக் கல் பொறுக்குவார்கள். இரத்தினபுரி இதற்குப் பேர்போன இடம். பொகவந்தலாவையில் கெசல்கமுவ ஓயா நெடுகிலும் சட்டவிரோத அகழ்வில் ஆட்கள் பிடிபடுவது பத்திரிகையில் அடிக்கடி பார்க்கும் செய்தி. கருங்கல்லுக்கு உரிமம் கொடுப்பது, 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வரும் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம். மாணிக்கத்துக்குத் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை.

இனி, காடு. 19ஆம் நூற்றாண்டில் முதலில் கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் இந்த மலைகள் மொட்டையடிக்கப்பட்டன. 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் சொன்ன ஆலோசனையை ஒட்டி, 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை அழிக்காமல் விட வேண்டும் என்ற கோடு விழுந்தது. ஹோர்ட்டன் சமவெளியிலும் சிவனொளிபாதமலை உச்சிகளிலும் இன்று நாம் பார்க்கும் முகில்காடு தப்பியதில் அந்தக் கோட்டுக்குப் பெரிய பங்குண்டு. சிவனொளிபாதமலை வனம், ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மூன்றும் சேர்ந்து 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறின. கோட்டுக்குக் கீழே நிலைமை வேறு. அங்கே காடு என்பது துண்டு துண்டாகக் கிடப்பது: ஆற்றோரத்தில் ஒரு பட்டை, இரண்டு தோட்டத்துக்கு இடையில் ஒரு சரிவு, அப்புறம் பாறைக் குன்றுகளின் தலை.

இந்தக் கடைசி வகையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தோட்டம் போட்ட காலத்தில் மண் இருந்த இடமெல்லாம் தேயிலை ஆனது. பாறை துருத்தி நின்ற இடத்தில் செடி பிடிக்காது என்று அப்படியே விட்டார்கள். அந்தப் பாறைதான் தன் தலையிலும் இடுக்கிலும் இருந்த காட்டை நூற்றைம்பது வருடம் காப்பாற்றியது. குவாரிக்காரருக்கு வேண்டியதும் அதே பாறைதான். ஆகவே ஒரு தோட்டத்தின் வரைபடத்தில் குவாரிக்குப் பொருத்தமான இடம் என்று குறிக்கப்படுவதும், அந்தத் தோட்டத்தில் மிச்சமிருக்கிற ஒரே காட்டுத்துண்டும் பல நேரங்களில் ஒன்றாகவே இருக்கும். ‘பத்து ஏக்கர் வெறும் பாறை’ என்று யாராவது சொன்னால் எனக்கு நெஞ்சு பதறுவது இதனால்தான்.

வெறும் பாறையில் யார் இருக்கிறார்கள்? செங்குத்தான பாறை முகத்தில்தான் ஷாஹீன் வல்லூறு முட்டையிடும். இடுக்குகளில் வௌவால் தொங்கும். பாறை நிழலில் நெமாஸ்பிஸ் என்கிற பேரினத்தைச் சேர்ந்த, விரல் நீளம்கூட இல்லாத பகல் பல்லிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். இலங்கையில் இந்தப் பல்லி இனங்கள் பல, ஒரே ஒரு குன்றிலோ ஒரே ஒரு காட்டிலோ மட்டும் பதிவானவை. அந்தக் குன்றை உடைத்தால் அந்த இனத்தின் முழு உலகமும் லொறியில் ஏறிப் போய்விடும். பறவையைப் போலப் பறந்து அடுத்த மலைக்குப் போக அதனால் ஆகாது. தவளைக்கும் நத்தைக்கும் அதே கதி.

சரி, கணக்கெடுப்பு எப்படி நடக்க வேண்டும்?

முதலில் பருவம். ஹட்டன், மஸ்கெலியா, நல்லதண்ணி பக்கம் பெருமழை தருவது மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவக்காற்று. பதுளை, பண்டாரவளை பக்கம் அது வறண்ட காற்றாக இறங்கும். அங்கே டிசம்பரை ஒட்டி வரும் வடகீழ்ப் பருவக்காற்றுதான் மழை. ஆகவே பதுளை அடங்கும் ஊவாவில் தவளை தேட ஏற்ற மாதம் வேறு, ஹட்டனில் வேறு. வலசை வரும் பறவைகள் ஒக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை மலைநாட்டில் இருக்கும். காஷ்மீரில் குஞ்சு பொரித்துவிட்டு நுவரெலியாவுக்குக் குளிர்காலம் கழிக்க வரும் காஷ்மீர் ஈப்பிடிப்பானை ஜூலையில் தேடினால் எங்கே கிடைக்கும்? ஆறுமணிக்குருவியும் அப்படித்தான். காலை மாலை ஆறு மணியை ஒட்டிக் கூப்பிடுவதால் நம் முன்னோர் அதற்கு அந்தப் பெயரை வைத்தார்கள். ஒரு பறவையை எந்த நேரத்தில் போய்த் தேட வேண்டும் என்பது அதன் பெயரிலேயே இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு வேனில் வந்து இறங்கும் குழுவுக்கு அது கிடைக்காது. மலையோடைகளில் மட்டும் வாழும் இலங்கைச் சீட்டியடிப்பானும் விடியலிலும் அந்தியிலும்தான் வெளிப்படும். குறைந்தது ஒரு மழைக்காலம், ஒரு வறண்ட காலம், ஒரு வலசைக் காலம் பார்க்காத அறிக்கையை முழு அறிக்கை என்று நான் எண்ணுவதில்லை.

அடுத்தது இரவு. அந்த அக்கா சொன்னதைக் கேட்டு, ஒரு ஜூன் மாதம் பல்கலைக்கழக மாணவர் சிலருடன் அதே ஓடைக்குப் போனேன். மாலையில் பெய்த மழை ஏழு மணிக்கு விட்டது. காலுறைக்கு மேல் சவுக்காரம் தடவியும் அட்டை ஏறிக்கொண்டிருந்தது. ஓடைக்கும் தேயிலைக்கும் நடுவில் இருபது மீற்றர் அகலத்தில் மரங்கள் நிற்கும் ஒரு பட்டை; அதற்குள் நுழைந்து தலைவிளக்கை அணைத்துவிட்டு நின்றோம். முதலில் தண்ணீர்ச் சத்தம் மட்டும். கண் இருட்டுக்குப் பழகுவதற்குள் ஒன்று தொடங்கியது. கல்லோடு கல்லைத் தட்டுவது போல, டிக். பிறகு இன்னொன்று, கொஞ்சம் தள்ளி. ஐந்து நிமிடத்தில் பட்டை முழுக்கச் சத்தம். விளக்கைப் போட்டுத் தேட ஆரம்பித்தால் ஆளைக் காணவில்லை. குரல் இடப்பக்கம் கேட்கும், தவளை வலப்பக்கம் இருக்கும். கடைசியில் முழங்கால் உயரத்தில் ஓர் இலைமேல் இருந்ததைக் கண்டோம். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஈரக் காப்பித்தூள் நிறம். தொண்டை மட்டும் முத்துப்போலப் புடைத்துப் புடைத்து அடங்கியது.

அது சூடோஃபிலாட்டஸ் என்கிற புதர்த்தவளைப் பேரினத்தைச் சேர்ந்தது. இந்தத் தவளைகளின் வாழ்க்கை தெரிந்தால்தான் குவாரி அவற்றை என்ன செய்யும் என்பது புரியும். நாம் பள்ளியில் படித்த தவளைக்கு முட்டை, தலைப்பிரட்டை, தவளை என்று மூன்று கட்டம். இவற்றுக்குத் தலைப்பிரட்டையே கிடையாது. பெண் தவளை பெரும்பாலும் ஈரமான மேல்மண்ணில் சிறு குழி பறித்து முட்டையிடும். முட்டைக்குள்ளேயே வளர்ந்து, வெடித்து வரும்போது குட்டித் தவளையாகவே வரும். குளம் வேண்டாம், ஓடை வேண்டாம். நிழல் வேண்டும், இலைச்சருகு வேண்டும், ஈரம் காயாத மேல்மண் வேண்டும். குவாரி விரியும்போது வெடி வைப்பதற்கும் முந்தி நடக்கிற முதல் வேலை எது தெரியுமா? பாறைக்கு மேலிருக்கும் மண்ணை வழித்துத் தள்ளுவது. அறிக்கையில் அது ஒரே வரியில் வரும், மேல்மண் அகற்றல் என்று. முட்டைகள் இருந்தது அந்த மண்ணில்தான்.

இந்தத் தவளைகளில் ஒன்று 1853இல் விவரிக்கப்பட்டு, அதற்குப் பிறகு யார் கண்ணிலும் படாமல், அழிந்துபோனதாகவே எண்ணப்பட்டது. உடம்பெல்லாம் விண்மீன் தெளித்தாற்போலப் புள்ளி உள்ள தவளை. 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில் அது திரும்பக் கிடைத்தது. அதே மலைக்காட்டிலிருந்து 2013இல் ஒரே ஆய்வில் எட்டுப் புதிய புதர்த்தவளை இனங்கள் விவரிக்கப்பட்டன. வருடந்தோறும் இலட்சக்கணக்கானோர் ஏறி இறங்கும் மலை அது. பாதையிலிருந்து கொஞ்சம் தள்ளி, இரவில், மழையில் பொறுமையாகத் தேடியவர்களுக்கு ஒன்றரை நூற்றாண்டாகக் காணாமல் போயிருந்தது கிடைத்தது. மலைநாட்டுத் தேவாங்கின் கதையும் இதைப் போன்றதே. 1939க்குப் பிறகு பார்த்ததாகப் பதிவில்லை. 2002இல் திரும்பத் தென்பட்டது. ஆய்வாளர்கள் எடுத்த முதல் படங்கள் 2010இல் உலகத்துக்கு வெளியாயின.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஓர் இனம் அந்த இடத்தில் உண்மையிலேயே இருக்கிறது, ஒரு இரவு தேடினால் கண்ணில் பட ஐந்தில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு இரவில் தவறவிட வாய்ப்பு நூற்றுக்கு 80. இரண்டு இரவு என்றால் 64. மூன்று இரவு தேடியும் தவறவிட வாய்ப்பு 51. அதாவது நாணயம் சுண்டுவதைவிட நல்ல நிலைமை இல்லை. பத்து இரவு போனால் அது 11 ஆக இறங்கும். பதினான்கு இரவுக்குப் பிறகுதான் ஐந்துக்குக் கீழே வரும். மறைந்து வாழ்கிற, எண்ணிக்கை குறைந்த உயிர்களுக்கு ஒரு இரவு வாய்ப்பு ஐந்தில் ஒன்றைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அழியும் ஆபத்தில் இருப்பவை பெரும்பாலும் அந்த வகைதான். ஆகவே ‘மூன்று நாள் பார்த்தோம், இல்லை’ என்ற வரி, எதைக் காப்பாற்ற இந்தக் கணக்கெடுப்பே வைக்கப்பட்டதோ அதைப் பற்றித்தான் மிகக் குறைவாகச் சொல்கிறது. ஒழுங்கான குழு தன் அறிக்கையில் எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எத்தனை இடத்தில் தேடினார்கள் என்பதைக் கட்டாயம் எழுதும். அந்த எண் இல்லாவிட்டால் பட்டியலுக்கு மதிப்பில்லை.

சிறுத்தைக்கு இரவு முழுக்க நாம் காத்திருக்கத் தேவையில்லை, கமரா காத்திருக்கும். உடல் சூட்டையும் அசைவையும் உணர்ந்து தானாகப் படம் பிடிக்கும் கமராக்களை ஒற்றையடிப் பாதையின் இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்தில் ஒன்றையொன்று பார்க்கக் கட்டுவார்கள். ஏன் இரண்டு என்றால், சிறுத்தையின் இடப்பக்கப் புள்ளியும் வலப்பக்கப் புள்ளியும் ஒன்றுபோல இருக்காது. நம் கைரேகை மாதிரி ஒவ்வொன்றுக்கும் தனி. இரண்டு பக்கப் படமும் இருந்தால்தான் போன வாரம் வந்ததும் இந்த வாரம் வந்ததும் ஒரே ஆளா என்று சொல்லலாம். பொகவந்தலாவை பக்கத் தேயிலை மலைகளில் வனவிலங்கு மற்றும் வனாந்தரப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் பல வருடங்களாக இப்படிக் கமரா வைத்துச் சிறுத்தைகளைப் படித்துவருகிறார்கள். தோட்டக் காட்டுத்துண்டுகளில் சிறுத்தை வழி தவறி வருவதில்லை, அங்கேயே வாழ்கிறது என்பது இத்தகைய வேலையால்தான் உறுதியானது. கமராவில் கூடவே மரையும், காட்டுப்பன்றியும், முள்ளம்பன்றியும், மீன்பிடிப் பூனையும் விழும்.

கமரா வைப்பதில் யாரும் பேசாத ஒரு சங்கதி இருக்கிறது. தோட்டத்துக் காட்டுப்பாதை விறகுக்குப் போகும் பாதை. பெண்கள் ஒதுங்கப் போகும் இடமும் அதை ஒட்டி இருக்கலாம். லயத்தில் சொல்லாமல் கமராவைக் கட்டுவது மிகப் பெரிய தவறு. முதலில் கோயிலடியிலோ, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்திலோ எல்லோரையும் கூட்டி, கமராவைக் கையில் கொடுத்துக் காட்டி, எங்கே கட்டலாம் எங்கே கூடாது என்று கேட்டுவிட்டுத்தான் கட்ட வேண்டும். அப்படிச் செய்த இடத்தில் கமரா களவு போகாது. நல்ல பாதையை அவர்களே காட்டித் தருவார்கள்.

சிறுத்தையைப் பற்றிச் சொல்லும்போது சுருக்குக் கம்பியையும் சொல்ல வேண்டும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத் தோட்டமொன்றில், அரிதிலும் அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று கம்பியில் மாட்டி, மீட்கப்பட்டும் சில நாளில் செத்தது. கம்பி பெரும்பாலும் காட்டுப்பன்றிக்காகப் போடுவது. குவாரி விரிந்து ஒரு காட்டுத்துண்டு போனால் பன்றி மரக்கறித் தோட்டத்தை நோக்கி இறங்கும். பன்றி இறங்கினால் கம்பி கூடும். பன்றிக்குப் பின்னால் சிறுத்தையும் அந்தப் பாதையில் வரும். ஒரு ஆண் சிறுத்தை நடமாடும் பரப்பு பல சதுர கிலோமீற்றர். குவாரியின் நான்கு எல்லைக்கல்லுக்குள் மட்டும் பார்த்துவிட்டு, சிறுத்தையின் அடையாளம் ஒரே ஒரு இடத்தில் இருந்தது, பாதிப்பு சொற்பம் என்று எழுதுவது அதனால்தான் பொருந்தாது. பாதிப்பு எல்லைக்கல்லோடு நிற்பதில்லை. கணக்கெடுப்பும் நிற்கக் கூடாது.

மாணிக்க அகழ்வில் எல்லை இன்னும் நீளும், ஆறு போகிற தூரத்துக்கு. சரளையை அரித்த கலங்கல் நீர் ஓடையில் விழுந்தால் மெல்லிய வண்டல் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அடைக்கும். ஓடையின் உயிர் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது: பூச்சிகளின் இளம்பருவம், மீன் முட்டை, ஆற்றுநண்டு. இலங்கையின் நன்னீர் நண்டு இனங்கள் ஐம்பது அளவில். ஏறத்தாழ அத்தனையும் உலகில் வேறெங்கும் இல்லாதவை. இந்த ஆய்வுக்குப் பெரிய கருவி தேவையில்லை. அகழ்வுக்கு மேலே ஓர் இடம், கீழே மூன்று இடம். ஒவ்வொன்றிலும் ஒரே அளவு கற்களைப் புரட்டி, அடியில் இருப்பதை வெள்ளைத் தட்டில் எடுத்து எண்ணி, திரும்ப விட்டுவிடலாம். மேலே பத்து வகைப் பூச்சியும் கீழே இரண்டு வகைப் புழுவும் கிடைத்தால் ஓடைக்கு என்ன நடந்திருக்கிறது என்று பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். கெசல்கமுவ ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. பிறகு மஸ்கெலியா ஓயாவோடு கூடி களனி கங்கையாகிறது. கொழும்பில் குழாயைத் திறப்பவர்கள் குடிப்பதும் இந்தத் தண்ணீரைத்தான்.

புதுக் குவாரியைவிட விரிவாக்கம் சிக்கலானது. பத்து வருடமாக வெடி வைக்கும் இடத்தின் பக்கத்தில் போய் இன்று கணக்கெடுத்தால் கிடைப்பது ஏற்கனவே விரட்டப்பட்ட காட்டின் கணக்கு. கூச்சமுள்ளவை முதல் வருடமே போயிருக்கும். காகமும் மைனாவும் மிஞ்சியிருக்கும். அந்த மிச்சத்தையே தொடக்க நிலை என்று எழுதினால், முதல் குவாரி செய்த சேதம் இரண்டாவது குவாரிக்கு அனுமதிச் சீட்டாக மாறிவிடுகிறது. இதற்கு வழி உண்டு. அதே உயரத்தில், அதே வகைப் பாறையும் காடும் உள்ள, குவாரி இல்லாத இன்னொரு குன்றையும் அதே முறையில் கணக்கெடுத்து இரண்டையும் பக்கத்தில் வைக்க வேண்டும். முதல் உரிமத்தின்போது எடுத்த பழைய பட்டியலையும் கேட்டு வாங்க வேண்டும். பழைய பட்டியலே இல்லை என்றால், அந்த விவரமும் அறிக்கையில் இடம்பெற வேண்டும்.

முன்கூட்டியே அளந்து வைக்காததன் விலையை நம் மலைநாடு ஏற்கனவே கொடுத்திருக்கிறது. உமா ஓயா நீர்த்திட்டத்தின் சுரங்கப்பாதைக்குள் 2014 டிசம்பரில் நிலத்தடி நீர் பெருக்கெடுத்தபோது பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீடுகளில் வெடிப்பு விழுந்தது. அதே வருடம் ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. மீரியபெத்தைக்குக் காரணம் குவாரி என்று நான் சொல்ல வரவில்லை. மலை எவ்வளவு பொறுக்கும் என்று முதலே அளக்காவிட்டால் கீழே இருப்பவர்கள்தான் அந்த விலையைக் கொடுப்பார்கள் என்பதை நாம் கண்ணால் பார்த்துவிட்டோம்.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988இல் வந்த திருத்தம்தான் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. எந்தெந்தத் திட்டத்துக்கு அது தேவை என்பதை 1993 ஜூன் மாத வர்த்தமானி சொல்கிறது. சுரங்கத்தைப் பொறுத்தவரை 25 மீற்றருக்கு மேல் ஆழம் போவது, தொகுத்துப் பார்த்தால் 10 ஹெக்டேயரைத் தாண்டும் மேற்பரப்பு அகழ்வு, குடியிருப்புக்கு ஒரு கிலோமீற்றருக்குள் இயந்திரம் வைத்துக் கல் உடைப்பது எல்லாம் அதில் வரும். ‘தொகுத்து’ என்ற சொல்லைக் கவனியுங்கள். மூன்று மூன்று ஹெக்டேயராகப் பிரித்து விண்ணப்பித்தாலும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். லயத்துக்கு ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் ஒரு குவாரி அமைய மலையகத்தில் எத்தனை இடம் இருக்கிறது? அத்தோடு வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், தேசிய பூங்கா போன்ற தேசிய ஒதுக்குகளின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் எந்த அபிவிருத்தி வேலைக்கும் வனசீவராசிகள் பணிப்பாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும் என்கிறது. நீதிமன்றமும் பேசியிருக்கிறது. எப்பாவல பொஸ்பேற் அகழ்வு வழக்கில் 2000ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம், முழுமையான ஆய்வும் சட்டப்படியான சுற்றாடல் அனுமதியும் இல்லாமல் ஒப்பந்தத்துக்குப் போகக் கூடாது என்று தடுத்தது.

முழு மதிப்பீட்டு அறிக்கை தயாரானதும் வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்று மொழியிலும் தலா ஒரு பத்திரிகையிலும் அறிவித்தல் வர வேண்டும். அதிலிருந்து 30 நாள் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம். நடைமுறையில் அந்த அறிவித்தல் லயத்துக்கு வந்து சேர்வதில்லை. ஐந்து மணிக்கு எழுந்து, பெரட்டுக்குப் போய், மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வருபவர், பத்திரிகையின் உள்பக்க அறிவித்தலை எப்போது பார்ப்பார்? வந்து சேர்ந்தாலும் உயிரினப் பட்டியலில் இலத்தீன் பெயரும் ஆங்கிலப் பெயரும்தான் பெரும்பாலும் இருக்கும். மரை, கேளையாடு, அழுங்கு, சருகுமான், நீர்நாய் என்று தோட்டத்தில் எல்லோர் வாயிலும் இருக்கும் பெயர்கள் அதில் இருக்காது. தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் உயிரின் பெயரை அந்தப் பட்டியலில் ஒருவரால் தேடிக்கூடப் பார்க்க முடியாது. எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இதுதான். நூற்றைம்பது வருடமாக அந்த மலையில் நடப்பவர்களுக்குத் தெரிந்ததை யாரும் கேட்பதுமில்லை, கேட்காமல் எழுதியதை அவர்களால் சரிபார்க்கவும் முடிவதில்லை.

கேட்கவும் ஒரு முறை உண்டு. ‘இங்கே புலி இருக்கா?’ என்று கேட்டால் பயந்தவர் இருக்கு என்பார், குவாரியில் மகன் வேலை செய்பவர் இல்லை என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த வீட்டு அடுப்பு குவாரிச் சம்பளத்தில்தான் எரிகிறது. ஆகவே கடைசியாக எப்போது, எந்த நம்பர் மலையில், எத்தனை மணிக்கு, என்ன செய்துகொண்டிருக்கும்போது பார்த்தீர்கள் என்று கேட்க வேண்டும். ஒருவரை ஒருவர் தெரியாத நான்கு பேர் ஒரே பாதையைக் காட்டினால் அந்தப் பாதையில் கமரா கட்டலாம். கொழுந்து பறிப்பவர் விடியலிலும், காவல்காரர் இரவிலும், கவ்வாத்து வெட்டுபவர் மலையின் மூலை முடுக்கிலும் இருப்பவர்கள். இவர்கள் பார்வையில் வருடத்தில் 300 நாள் அடங்கும். எந்தக் குழுவுக்கும் அவ்வளவு நாள் கிடைக்காது.

உங்கள் பக்கத்தில் இப்படி ஓர் அறிக்கை வந்தால் முதலில் களத்துக்குப் போன திகதிகளைப் பாருங்கள். இரவு நேரம் உண்டா, மழைக்காலம் உண்டா, எல்லைக்கல்லுக்கு வெளியே எவ்வளவு தூரம் போனார்கள், ஓடையின் கீழ்ப்பக்கம் பார்த்தார்களா என்று தேடுங்கள். பட்டியலில் கடற்கரைப் பறவையோ வறண்ட வலய மிருகமோ இருந்தால் அது வேறொரு அறிக்கையிலிருந்து வந்திருக்கலாம். பக்க எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். அறிக்கை கையில் கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பிரதேச செயலகத்திலோ மத்திய சுற்றாடல் அதிகாரசபையிலோ எழுதிக் கேட்கலாம். கருத்தைத் தமிழிலேயே எழுதி அனுப்பலாம். நீளமாக எழுதத் தேவையில்லை. அந்த அக்காவும் நானும் படிக்கட்டில் உட்கார்ந்து எழுதியதில் முதல் வரி இது: ஜூன் மாதம், ஏழாம் நம்பர் மலைக்குக் கீழ் ஓடைக்கரை, இரவு 7.40 முதல் 9.15 வரை, மழை விட்ட பின், புதர்த்தவளைகள் பதினொரு இடத்தில் கூப்பிட்டன, குரல் பதிவும் இரண்டு படமும் இத்துடன் உள்ளன.